வெள்ளிக்கிழமைகளை வெறுமையாக விட்டுப் போ

ஆடு, மாடு, முதலை எல்லாம் தன் குரல் கேட்டு ஒதுங்கி நிற்கும்படி மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வட்டைவிதானை உத்தியோகம் பார்த்தவனும், ஐந்து கண்டங்களிலும் சிதறிக் கிடக்கும் பழுகாமத்தாருக்கு இணையத்தில் அங்கிளாக விளங்குபவனும், இந்த வீட்டில் மட்டும் ஒருவராலும் மதிக்கப்படாதவனுமாகிய உன் அப்பன் உனக்கு எழுதுகிறேன், மகன். திங்கட்கிழமை விடிய நீ வன்னிக்குப் பஸ் ஏறுகிறாய். உன் லீவு முடிகிறது, கண்ணிவெடி கிளறி எடுக்கும் வேலை கூப்பிடுகிறது. சொல்ல வேண்டியதை நேரே சொல்லலாம்தான். இந்த நிமிடம் நீ முற்றத்தில் குந்தியிருந்து என் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருக்கிறாய், நான் இருமினாலே உனக்குக் கேட்கும். ஆனால் நேரே சொன்னால் நீ “ஓம் அப்பா” என்பாய். உன்னுடைய “ஓம் அப்பா”வை நம்பி ஒரு கோழிக்கூடுகூடக் கட்ட முடியாது என்பதை நான் நீ பேசத் தொடங்கிய நாளிலிருந்து அறிவேன். ஆகவே உலகம் பார்க்க, என் இணையப் பக்கத்திலேயே போடப் போகிறேன். உலகம் சாட்சி சொல்லும்.

விஷயம் இதுதான். நேற்று நெல் விலை பார்க்கலாம் என்று டொங்கிளோடு நீ கொண்டுவந்த லெப்டொப்பைத் திறந்தேன். நெல் விலையைக் காணவில்லை, உன் வெள்ளிக்கிழமைகளைக் கண்டேன். வருகிற வெள்ளி, அதற்கடுத்த வெள்ளி, அதற்கும் அடுத்தது என்று தைப்பொங்கல் வரைக்கும் நீ எழுதப்போகும் எல்லாமே எழுதி முடிந்து, நேரம் குறித்து, வரிசையாக நிற்கின்றன, ஆசுபத்திரி வாசலில் நம்பர்த் துண்டு எடுத்த சனம் மாதிரி. ஒன்றைத் திறந்து வாசித்தேன். “இன்று காலை இங்கே நல்ல மழை. தறப்பாள் கூடாரத்துக்குள் ஒழுகுகிறது. நனைந்துகொண்டேதான் இதை எழுதுகிறேன்” என்று இருந்தது. அது வெளிவர வேண்டிய நாளைப் பார்த்தேன். இரண்டு கிழமை கிடக்கிறது. உன்னைக் கூப்பிட்டேன்.

“என்ன மகன், ரெண்டு கிழமைக்குப் பிறகு பெய்யிற மழையில இப்பவே நனைஞ்சிட்டியா?”

“அது சும்மா அப்பா. மாரி காலம்தானே, எப்பிடியும் பெய்யும்.”

“பெய்யாட்டி?”

“பெய்யாட்டி ஆருக்குத் தெரியப் போகுது?”

பிறகு உன் முகம் மாறியது. குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாய். “களைச்சிப் போனன் அப்பா. நாள் முழுக்க முழங்கால்ல இருந்து நிலத்தக் கிளறிட்டுக் கூடாரத்துக்கு வந்தா கண் தெரியுதில்ல. அங்க லைனும் கிடைக்கிறதில்ல. வெள்ளிக்கு வெள்ளி எழுதுறன் என்டு சொல்லிட்டன், சனம் பாத்துக்கொண்டிருக்கு. ஒரு வெள்ளி விட்டா ரெண்டு வெள்ளி விடும், மறுகா எல்லாம் போயிரும். அதான் லீவுக்கு வரக்குள்ள மொத்தமா எழுதி ஏத்திட்டுப் போறன். அம்மாக்குச் சொல்லிராதீங்க.” அந்தக் கடைசி வசனம்தான் என்னைப் பிடித்து உலுக்கியது. ஏனென்றால் வெள்ளிக்கிழமை தோறும் உன் அம்மா நொண்டுகிற அந்தக் காலோடு, என் சைக்கிள் கரியரில் ஏறி, பட்டிருப்புப் பாலம் கடந்து களுவாஞ்சிக்குடியில் போனும் இன்டர்நெட்டும் வைத்திருக்கிற சுமதியின் கொமினிகேசன் கடைக்குப் போய், நீ எழுதியதை ஒரு எழுத்து விடாமல் வாசித்துவிட்டு வந்துதான் நித்திரை கொள்கிறாள். வெடி கிளறுகிற பிள்ளை இந்த வெள்ளிக்கும் உயிரோடிருக்கிறான் என்பதற்கு அவளிடம் இருக்கிற அத்தாட்சி அது ஒன்றுதான். அந்த அத்தாட்சியைத்தான் நீ தைப்பொங்கல் வரைக்கும் முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டுப் போகிறாய்.

நீ சோம்பேறி என்று நான் சொல்லவில்லை. உன் மூளையை மெச்சுகிறேன். இந்த யுக்தியை இந்தத் தீவிலேயே, ஏன், ஆசியாக் கண்டத்திலேயே முதன்முதலாகச் செய்து பார்த்தவன் நான்தான். சுமதி இதை மறுப்பாள், அவள்தான் எனக்குச் சொல்லித் தந்தவள் என்பாள். அந்த வழக்கைப் பிறகு பார்ப்போம். ஆனால் அந்த யுக்தி எங்களுக்கு என்ன செய்தது என்பதில் உனக்குத் தெரிந்தது பாதி. கட்டாரில் வேலை செய்த காலத்தில் நீ கண்ட பாதி அது. மற்றப் பாதியை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

என் பக்கம் தொடங்கிய கதை உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் இதை வாசிக்கிற வெளியூர்ப் பிள்ளைகளுக்காக ஒருமுறை. கடல் ஊருக்குள் வந்த அந்தக் காலையில் நான் கல்குடாவில் இருந்திருக்க வேண்டியவன். ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்தேன். காலைச் சாப்பாட்டில் எனக்கு முன்னால் இருந்தவனுக்கு இரண்டு முட்டை வைத்து எனக்கு ஒன்று வைத்தார்கள். இந்த அவமானத்தைத் தாங்கமுடியாமல் எழும்பி, கிடைத்த முதல் வாகனத்தில் ஏறி ஓட்டமாவடிக்கு வந்து, ஒரு முசுலிம் கடையில் தேத்தண்ணியும் ரொட்டியுமாக என் மானத்தைத் தேற்றிக்கொண்டிருந்தபோதுதான் சனம் ஓடி வந்தது. ஒரு முட்டையால் நான் பிழைத்தேன். இரண்டு முட்டை தின்றவனைப் பற்றி நான் இன்றுவரைக்கும் பகிடி விட்டதில்லை, விடவும் மாட்டேன். வீடு வந்து சேர எனக்குப் பல நாள் பிடித்தது. அதற்குள் நான் கல்குடாவுக்குப் போன செய்தி கனடாவுக்குப் போய்விட்டது. ரொறன்ரோவில் என் தம்பி நான் செத்துவிட்டேன் என்று எட்டாம் நாள் எட்டுச் செலவு செய்து, வடையும் பாயாசமும் படைத்து, என் நற்குணங்களைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேசியிருக்கிறான். உயிரோடிருக்கையில் ஒரு நிமிடம் பேசியிருப்பானா? நீ கட்டாரில் வேலைத்தளத்தில் விழுந்து கிடந்தாய் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். ஒவ்வொருவருக்கும் போன் எடுத்து “நான் சாகவில்லை” என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டிப் போனபோதுதான் சுமதி சொன்னாள், “அண்ணன், இத ஒருக்கா இதில எழுதிப் போட்டா எல்லாரும் பாப்பாங்க. எனக்கும் போன் லைன் மிஞ்சும்.” நான் சொல்ல அவள் தட்டினாள். “நான் சாகவில்லை. வடைக்கு நன்றி.” என் பக்கத்தில் முதலாவதாக வந்தது அதுதான்.

அதற்குப் பிறகு நாளுக்கு நாள் எழுதினேன். அதை யாரும் கேட்டுச் செய்யவில்லை, செய்யாமல் இருக்கவும் முடியவில்லை. எந்தப் பள்ளிக்கூடத்தில் யார் இருக்கிறார்கள், கல்லாற்றில் யார் கிடைத்தார்கள், எந்தப் பிள்ளை யாரோடு நிற்கிறது என்று விசாரித்து விசாரித்துப் போட்டேன். வெளிநாடுகளில் சனம் விடிய எழும்பிப் பல் துலக்காமல் என் பக்கத்தைத் திறந்தது. ஆக, மகன், நான் எழுதத் தொடங்கியதே யார் உயிரோடிருக்கிறார் என்று சொல்வதற்குத்தான். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள். பிறகு ஒரு நாள் சொல்லக்கூடிய பெயர்கள் முடிந்துபோயின. முடிந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் தினமும் எழுதிப் பழகிய கை, தினமும் வெற்றிலை போட்டுப் பழகிய வாய் மாதிரி. ஊர்க் கதை எழுதினேன். ஊர்க் கதை தீர்ந்தது. முதலைக் கதை எழுதினேன். வாவியில் நான் கண்ட முதலை திங்கட்கிழமை ஒரு தோணி நீளம் இருந்தது. வியாழக்கிழமை அது பாலத்தில் வாலை வைத்துக்கொண்டு கோயில் வீதியில் தலையை நீட்டிக் கிடந்தது. வெள்ளாமை கதிர் முற்றி நிற்க நான் ஒவ்வொரு நாளும் முதலை வளர்க்கப் பாலம் கடந்து போய்க்கொண்டிருந்தேன்.

“முதலை நல்லா வளருது,” என்றாள் உன் அம்மா. “நெல்லு உதிருது. முதலைய அறுத்து மூட்டையில கட்டலாமா என்டு உங்கட கனடாக்காரரிட்டக் கேட்டுச் சொல்லுங்க.”

ஆகவே நாள் குறிக்க ஒரு கூட்டம் கூட்டினேன். வட்டைவிதானைக்குக் கூட்டம் கூட்டத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்? வட்டை என்பது ஒரே வாய்க்காலில் தண்ணீர் குடிக்கிற வயல்கள் எல்லாம் சேர்ந்தது, அதற்கு எப்போது தண்ணீர் திறப்பது, எப்போது அடைப்பது என்று பார்த்துச் சொல்கிறவன்தான் வட்டைவிதானை. பெரும்போகத்துக்கு முன்னால் எல்லாரையும் கூட்டி விதைப்பு நாளும் தண்ணீர் நாளும் குறிப்போம், குறித்துவிட்டு ஆளுக்கொரு நாளில் விதைப்போம். அதே முறைப்படி சுமதியின் கடையில் கூட்டம் கூடியது. தலைவர் நான். சபை உன் அம்மாவும் சுமதியும். வாரத்துக்கு மூன்று என்று நான் பிரேரித்தேன். “ஆரு வரம்பு கட்டுறது?” என்று உன் அம்மா கேட்டாள். இரண்டு என்றேன். “ஆரு புல்லுப் பிடுங்குறது?” என்றாள். செவ்வாய்க்கிழமை மட்டும் என்று தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. எனக்கு அது தோல்வியாகத்தான் தெரிந்தது, ஆனால் வேடிக்கை என்னவென்றால், எழுத்து அன்றையிலிருந்துதான் எழுத்தாக வந்தது. ஆறு நாள் வயலில் நின்று மனதுக்குள் உருட்டிக்கொண்டிருந்ததை ஏழாம் நாள் இறக்கி வைக்கச் சுகமாயிருந்தது. முதலையும் தன் பழைய அளவுக்குச் சுருங்கிவிட்டது.

ஆனால் அது பாலம் திறந்தால் மட்டும் சரிவருகிற கணக்கு. அந்தக் காலம் உனக்குத் தெரியும், நீ இருந்து பார்க்காவிட்டாலும். இந்தக் கரை இயக்கத்தின் ஆட்சி, அந்தக் கரை ஆமியின் ஆட்சி, நடுவில் செக்பொயின்ற். திறப்பார்கள் என்று போனால் மூடியிருக்கும், மூடியிருக்கும் என்று வீட்டில் கிடந்தால் அன்றைக்குப் பார்த்துத் திறந்திருக்கும். ஒரு செவ்வாய் தவறியது. ரொறன்ரோவில் என் தம்பி மறுபடியும் உழுந்து நனையப் போட்டுவிட்டான் என்றுதான் நினைக்கிறேன். சுமதியின் கடைப் போன் காலையிலிருந்து பின்னேரம் வரைக்கும் அடித்திருக்கிறது. நீ மட்டும் எத்தனை தரம் எடுத்தாய் என்று உனக்கு ஞாபகமிருக்கிறதா? “எனக்கு ரிக்கெற் போட வேணும், அப்பாக்கு என்ன நடந்த என்டு சொல்லுங்க அக்கா” என்று அழுதாயாம். அடுத்த கிழமை நான் கடை வாசலில் சைக்கிளைச் சாத்த முதல் சுமதி வெளியே வந்தாள்.

“அண்ணன், நீங்க ஒரு கிழமை வராட்டி நான் ஒம்பது நாட்டுக்குப் பதில் சொல்லோணும். உங்களுக்குக் கும்பிடு. நீங்க வரக்குள்ள அஞ்சு ஆறைச் சேத்து எழுதித் தாங்க, நான் நாள் போட்டு வைக்கிறன். நீங்க செத்தாலும் அது தன்டபாட்டில செவ்வாய்க்குச் செவ்வாய் வெளிய வரும்.”

“நான் செத்தாலுமா?”

“ஓமண்ணன். அவ்வளவு திறமான சாமான்.”

நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. அதற்குப் பிறகு எனக்கு வந்த செருக்கைக் கேட்காதே. பாலம் மூடினால் எனக்கென்ன? நான் இங்கே மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருக்கையில் அங்கே நோர்வேயில் ஒருவன் என்னை வாசித்துச் சிரித்துக்கொண்டிருக்கிறான். பகவான் பதினாறாயிரம் வீட்டில் ஒரே நேரத்தில் இருந்தாராம், நான் மேலும் கொஞ்சம். சனத்துக்குத் திருப்தி, சுமதிக்குத் திருப்தி, உனக்கு நிம்மதி. எழுதுகிற எனக்கும் அவசரம் அந்தரம் இல்லை. இதைவிட நல்ல ஒழுங்கு உலகத்தில் இல்லை என்று நான் சத்தியம் பண்ணியிருப்பேன். அதைத்தான் நீ இப்போது பண்ணுகிறாய்.

பிறகு ஷெல் வந்தது. படுவான்கரைச் சனம் முழுக்க ஊரை விட்டுக் கிளம்பிய அந்த மாதம். பாலத்தால் போகலாம் என்றிருந்தோம், பாலத்துப் பக்கம் போக முடியவில்லை. அறுத்த வயலுக்குள்ளால் ஓடும்போது நிலத்தில் கிடந்த தகரமொன்று உன் அம்மாவின் வலது பாதத்தைக் கிழித்தது. என் சாரத்தைக் கிழித்துக் கட்டினேன். ஊர் ஊராக விலகி விலகிப் போய், கடைசியில் யாரோ ஒரு புண்ணியவானின் தோணியில் வாவி கடந்து, மட்டக்களப்புக்கும் அப்பால் ஒரு பள்ளிக்கூடத்தில் இறங்கினோம். வகுப்பறைக்கு ஐந்தாறு குடும்பம். உன் அம்மாவுக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, இருப்பது உனக்குத் தெரியும். மருந்து வீட்டோடு போயிற்று. காய்ச்சல் வந்தது. கால் கறுக்கத் தொடங்கியது. மருந்து கட்ட வந்தவர்கள் பெரியாசுபத்திரிக்குக் கொண்டு போகவேணும் என்றார்கள், கொண்டு போக வாகனமும் இல்லை, வெளியே போக அனுமதித் துண்டும் இல்லை. என் கையில் போன் இல்லை, ஒரு நம்பரும் மனப்பாடம் இல்லை. ஆனால் நான் அசையாமல் இருந்தேன், மகன். ஏன் தெரியுமா? வருவார்கள் என்று நம்பினேன். ஒரு செவ்வாய் தவறியதற்கே ஒன்பது நாடும் கிளர்ந்தெழுந்தது. இப்போது எத்தனை செவ்வாய் போயிருக்கும்! தம்பி போன் எடுப்பான், நீ எடுப்பாய், உன் மாமன் மட்டக்களப்பு ரவுனில்தான் இருக்கிறான், அவனிடம் வேனும் இருக்கிறது, இன்றைக்கு வருவான், நாளைக்கு வருவான் என்று உன் அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டேயிருந்தேன். வரிசையில் நிற்கிற கதைகளை நான் அடியோடு மறந்துபோனேன்.

சுமதியும் களுவாஞ்சிக்குடியில் இல்லை. பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீட்டுக்கு, திருகோணமலைக்குப் போய்விட்டாள். கடை பூட்டிக் கிடந்தது. ஆனால் அந்தத் திறமான சாமான் தன்டபாட்டில் வேலை செய்துகொண்டிருந்தது. ஒரு செவ்வாய் என் பக்கத்தில் நண்டுக் கதை வந்திருக்கிறது. “இன்று என் மனைவி நண்டுக் கறி வைத்தாள். வாசத்துக்குப் பொலன்னறுவையில் இருந்து யானை வந்து வேலியில் நிற்கிறது” என்று தொடங்கும். அன்றைக்கு உன் அம்மா மூன்று வாங்குப் பலகைகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்தபடி, காய்ச்சலில் உன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கதைக்குக் கீழே நீ எழுதியிருக்கிறாய்: “வாசிக்க வாய் ஊறுது அப்பா. அம்மாக்குச் சொல்லுங்க, நான் வந்தா எனக்கு மூணு நண்டு.” அதே கிழமை உன் மாமன் உனக்குப் போன் எடுத்து, படுவான்கரையில் சண்டையாம், அக்காவைத் தேடிப் போகட்டா என்று கேட்டிருக்கிறான். நீ “வேணாம் மாமா, அலையாதீங்க, அப்பா செவ்வாய்க்கிழமைதான் எழுதியிருக்கார், நல்லாத்தான் இருக்காங்க” என்றாய். கடைசியில் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் கோயிலடியில் சாப்பாடு கொடுக்க வந்த ஒரு பெண் எங்களை அடையாளம் கண்டு போய்ச் சொல்லித்தான் உன் மாமன் வந்தான். வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். “அத்தான், நீங்க எழுதிக்கொண்டிருந்தீங்களே,” என்றான். பிறகு அக்காவைத் தூக்கி வேனில் ஏற்றினான். ஆசுபத்திரியில் உன் அம்மாவின் பாதத்தின் முன்பாதியை எடுத்தார்கள். முந்திய கிழமை கொண்டுவந்திருந்தால் ஒரு விரலோடு போயிருக்கும் என்றார் டொக்டர்.

நீ இதற்காக உன்னையே தின்றுகொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். கட்டாரை விட்டு வந்த நாளிலிருந்து நீ உன் அம்மாவின் காலைப் பார்ப்பதில்லை, அவள் நடக்கையில் வேறெங்கோ பார்க்கிறாய். மகன், நீ மாமனைத் தடுத்தது பிழையில்லை. உன் அப்பன் தன் கையால் “நாங்கள் நலம், யானை வேலியில் நிற்கிறது” என்று எழுதியிருக்கும்போது நம்பாமல் விடுகிறவன் என்ன பிள்ளை? நீ நம்பினாய், ஆனால் அந்த எழுத்துக்குப் பின்னால் ஆள் இல்லை. உன் வெள்ளிக்கிழமைகளுக்குப் பின்னாலும் இனி ஆள் இருக்கப் போவதில்லை. நீ நிலத்தைக் கிளறுகிற இடத்தில் என்ன கிடக்கிறது என்று உனக்கே தெரியாது. ஏதாவது நடந்தால், வாய்க்கு வரக்கூடாது, இருந்தாலும் எழுதுகிறேன், அந்த வெள்ளியும் மழை பெய்யும், தறப்பாள் ஒழுகும், உன் அம்மா வாசித்துவிட்டு வந்து நிம்மதியாகத் தூங்குவாள்.

அப்படியென்றால் என்னதான் செய்வது, சனம் போய்விடுமே என்பாய். ஆசுபத்திரியிலிருந்து வந்த பிறகு நான் எழுதவே இல்லை. யுத்தம் முடிந்து ஊர் திரும்பி, வயலில் பற்றை வெட்டி, ஒரு போகம் எடுத்த பிறகுதான் மறுபடி சுமதி கடைக்குப் போய் இருந்தேன். இடுப்பில் பிள்ளையோடு கதவைத் திறந்தவள் கதிரையைத் துடைத்துப் போட்டாள். எழுதிப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, யார் வாசிக்கப் போகிறான் என்றிருந்தேன். அடுத்த முறை போய்ப் பார்த்தால் ஒருவரும் எங்கேயும் போகவில்லை. நோர்வேக்காரன் நிற்கிறான், பிரான்சுக்காரி நிற்கிறாள், என் தம்பி மறுபடி வடை சுடத் தேவையில்லாமல் போனதற்கு வருந்தி எழுதியிருக்கிறான். சனம் நாளுக்காகக் காத்திருப்பதில்லை, ஆளுக்காகத்தான் காத்திருக்கிறது. நாள் தவறினால் முறைக்கும், ஆள் வந்தால் சிரிக்கும்.

இப்போது நான் எழுதுகிற விதம் உனக்குத் தெரியும், அதை நீ பகிடி பண்ணுகிறாய். தண்ணீர் திறக்கிற மாதிரித்தான் எழுதுகிறேன். கூட்டத்தில் குறித்த நாளை நம்பி எந்த வட்டைவிதானையும் மடையைத் திறக்கமாட்டான். குளத்தைப் பார்ப்பான், வானத்தைப் பார்ப்பான், “இந்தத் தண்ணி முடிய அடுத்த தண்ணி எப்ப?” என்று கேட்டால் கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்கு மட்டும் ஒரு நாள் சொல்லுவான். அதைச் சொன்னால் செய்வான். முழுப் போகத்துக்கும் ஒரே வாயில் சத்தியம் பண்ணமாட்டான். நானும் ஒவ்வொன்றின் முடிவிலும் அடுத்ததை எப்போது எழுதுவேன் என்று மட்டும் சொல்கிறேன். அறுவடை முடிய என்பேன், அல்லது அம்மாவின் கிளினிக் முடிய என்பேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. நீ லீவில் வருகிறபோது, வந்து குளித்துச் சாப்பிட்டு, ஒன்றை எழுது. உன்னால் மாதத்துக்கு ஒன்றுதான் முடியும் என்றால் ஒன்று. அது முடிகிற இடத்தில் அடுத்த லீவு எப்போது என்று எழுது. அந்த நாள் வந்தும் நீ எழுதாவிட்டால் உன் அப்பன் நீ வேலை செய்கிற மாங்குளத்துக்குப் பஸ் ஏறுவான். வழியிலுள்ள கூடாரமெல்லாம் புரட்டிப் பார்ப்பான். இது நான் வழமையாகச் சொல்கிற பெருங்கதை இல்லை.

எழுதி வைத்திருக்கிறவற்றைத் தூக்கியெறி என்று சொல்லவில்லை. நல்லாய் எழுதியிருக்கிறாய், களவாக எல்லாம் வாசித்துவிட்டேன். அந்தக் கூடாரத்துச் சமையல்காரன் பருப்புக்குள் தேயிலை போட்ட கதைக்கு நான் சிரித்த சிரிப்பில் நாய் எழும்பி ஓடிவிட்டது. அவற்றை வைத்துக்கொள், மாதத்துக்கு ஒன்றாக உன் கையாலேயே எடுத்துப் போடு. போடுகிற அன்றைக்கு மழை பெய்தால் மழை என்று எழுது, வெயில் என்றால் வெயில் என்று மாற்று. நீ போன பிறகு தானாக வெளிவர ஒன்றையும் விட்டுவிடாதே. அவ்வளவுதான் நான் கேட்பது.

இதை வெளியிட முதல் உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. அதுதான் எனக்குப் பெரிய பயமாயிருந்தது. நீ சொல்லவேண்டாம் என்றாய், நான் சொன்னால் அவளுடைய வெள்ளிக்கிழமை நித்திரையைப் பறிக்கிறேன். இரண்டு விரலால் தட்டிக்கொண்டிருந்த என்னிடம் அவளே வந்தாள், கையில் பயற்றங்காய்ச் சுளகோடு. “என்ன இவ்வளவு நேரமா எழுதுறீங்க? ஆருக்கு வழக்கு?” என்றாள். முதலிலிருந்து வாசித்தேன். முதலை வந்த இடத்தில் சிரித்தாள். நண்டு வந்த இடத்தில் பயற்றங்காய் முறிப்பதை நிறுத்தினாள். வாசித்து முடித்தேன்.

“எல்லாம் சரி,” என்றாள். “ஆனா நீங்க என்னக் கேக்கல்ல.”

“என்னத்த?”

“வெள்ளிக்கு வெள்ளி போய்ப் பாத்துட்டு வந்து படுக்கிறவ நான்தானே. அவன் முன்கூட்டி எழுதி வைக்கிறத நிப்பாட்டச் சொல்லட்டா வேணாமா என்டு நீங்க என்னக் கேக்கல்ல.”

“சரி, கேக்கிறன். என்ன செய்வம்?”

உன் அம்மா சுளகைக் கீழே வைத்தாள். நீ முற்றத்தில் நிற்கிறாயா என்று எட்டிப் பார்த்தாள்.

“நிப்பாட்டச் சொல்லுங்க. எனக்குப் பயம் வரட்டும். பயம் வந்தாத்தானே போய்ப் பாக்கலாம்.”